நாளைக்கு வேலை இருக்கா?

வேலை போன ஐந்தாவது மாதம், மாசிக் கடைசியில், அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பாளையம்பட்டியில் வண்டியோடு சாய்ந்து காலை உடைத்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், சென்னையில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டில் காலை பதினொரு மணிக்குக் கையில் கறிவேப்பிலையோடு யார் கண்ணிலாவது படுவதை இனிமேல் என்னால் தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி ஒன்று கேட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் சுற்றிவளைத்துக் கேட்கும் பழக்கம் கிடையாது.

"இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு வேலை போட்டுக் குடுத்திருப்பீங்க. அதுல ஒருத்தரைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு வேலை வேணும்னு கேட்டா என்ன?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டியில் சட்டைகளை அடுக்கினேன்.

வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். கடைசி ஒன்பது வருஷம் சரக்குப் போக்குவரத்து முழுவதும் என் பொறுப்பு. எந்த லாரி எந்த ஊரில் எதற்காக நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிறகு எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே அந்த வேலைக்கு ஒருவர் இருந்தார். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். கேக் கூட வெட்டினார்கள்.

அதற்கப்புறம் இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். அது யார் முகத்தையும் பார்க்காமல் செய்கிற காரியம். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, வாய் திறந்து, எனக்கு வேலை வேண்டும் என்று சொல்வது மட்டும் முடியவில்லை. வேலை போனதையே அக்காவைத் தவிர வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் அந்த ஆள் எனக்காகப் பரிதாபப்படுவான். அதற்குச் சும்மாவே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சும்மா இருக்க வசதி இல்லை என்பதும் தெரியும். பையனுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இதுதான் என் நிலைமை.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் அக்காவின் ஊர். மாடியில் ஒற்றை அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். நான்கு பக்கமும் ஜன்னல், நான்கு ஜன்னலிலும் கரிசல். கண்ணுக்கு எட்டின தூரம் வரை பருத்தி, அதற்கப்பால் சீமைக் கருவேலம், அதற்கப்பால் வெயில்.

வேலையில்லாத காலத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கும்போல. அவர்கள் சொன்னபடி அட்டவணை போட்டுப் பீரோக் கதவில் ஒட்டினேன். ஐந்து மணிக்கு நடை. ஆறு மணிக்கு இணைய வகுப்பு. ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு விண்ணப்பங்கள். சட்டை மாற்றினால்தான் மனசு வேலைக்குத் தயாராகுமாம். மாடி அறையில் பேன்ட்டும் சட்டையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வகுப்பு முடிந்து சான்றிதழ் வந்தது. அருப்புக்கோட்டைக்குப் போன அன்று ஆசையாக அதை அச்செடுத்து வந்தேன். அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம், "தம்பி பாசாயிட்டான்" என்று சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதில் பாசான சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குக் கூடுதலாக ஒரு வடை கிடைத்தது.

மத்தியானம் மட்டும் எந்த அட்டவணைக்கும் அடங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். காற்று நின்றுவிடும். எங்கோ ஒரு மயில் ஒரே ஒரு தடவை அகவிவிட்டு, தப்பாகக் கத்திவிட்டதைப்போல் அடங்கிவிடும். கண் தானாகச் சொருகும். தூக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. கரிசலுக்கு நடுவே, சாலையே இல்லாத இடத்தில், என் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். சத்தம் இருக்காது. செடி ஒன்று கூட நசுங்காது. ஒவ்வொரு லாரியும் என் ஜன்னலுக்கு நேராக வந்ததும் கொஞ்சம் மெதுவாகும். நான் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று கைகாட்டுவேன். ஓட்டுநர்கள் தலையசைத்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், எல்லோரும் நேரத்துக்கு வந்தவர்கள். முழித்துப் பார்த்தால் ஷேர் ஆட்டோ போன புழுதி சாலையில் இன்னும் அடங்காமல் நிற்கும்.

அந்த அரைத்தூக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது. நாள் முழுவதும் நான் யாருக்காவது தேவைப்பட்ட நேரம் அது ஒன்றுதான். எழுந்தால் என்ன கிழமை என்று கூடத் தெரியாது. கீழே போய் அத்தானிடம் கேட்டால் அவரும் யோசிப்பார். கட்டுப் போட்ட கால் ஒருவருக்கு, வேலை போன தலை ஒருவருக்கு. இரண்டு பேரும் சேர்ந்து காலண்டரைப் பார்ப்போம்.

இந்த மயக்கத்திலிருந்து என்னை எழுப்பியவர்கள் விருந்தாளிகள்.

நான் வந்த இரண்டாவது நாளிலிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்துக் காட்டுக்காரர்கள். அத்தானின் காலை விசாரிக்க வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். என் வேலை போனதை அக்கா சொல்லியிருக்கிறாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார்கள். பிறகு மெல்லக் கேட்பார்கள்.

"எப்ப ஆச்சு?"

"ஐப்பசில."

"முன்னாடியே தெரியுமா, இல்ல திடீர்னா?"

"திடீர்னுதான்."

"எத்தனை வருசம் இருந்துச்சு?"

"இருபத்தாறு."

"ச்சு. இன்னுங் கொஞ்ச நாளு இருந்திருக்கலாம். நல்லாத்தான இருந்துச்சு."

அக்கா காப்பி போட எழுந்தால், "வேணாம்த்தா, இருக்கட்டும்" என்று தடுத்துவிடுவார்கள். பிறகு பேச்சில்லாமல் இருந்துவிட்டு, சட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

நான் போக்குவரத்துக்காரன். எது வருகிறது, எது புறப்படுகிறது என்று கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டு வாரத்தில் இரண்டு விஷயம் பிடிபட்டது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒருவர் கூட வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் கூடக் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்லவில்லை.

ஒருநாள் ஒரு பெரியவர் அப்படி எழுந்து போன பிறகு எனக்கு மண்டைக்குள் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. செவ்வாய், வெள்ளியில் யார் வீட்டுக்குப் போக மாட்டார்கள்? எந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள்? சாவு விழுந்த வீட்டிலிருந்து. இவ்வளவு பேரும் வந்தது கேதம் விசாரிக்க. செத்தது என் வேலை. பிணம்தான் இல்லை, மற்ற எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்படிக்குப் போய், "எக்கா, நான் உசுரோட இருக்கேன்" என்று கத்தினேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது அவுகளுக்குத் தெரியாதாக்கும். வேற எப்படி வந்து விசாரிப்பாக? கல்யாணம் காச்சின்னா அதுக்கு ஒரு மொறை இருக்கு. கேதம்னா அதுக்கு ஒரு மொறை இருக்கு. வேல போனதுக்குன்னு நம்மூர்ல மொறை இன்னும் வரல. இருக்குறத வச்சுத்தான செய்வாக?"

அதைக் கேட்டும் கோபம் போகவில்லை. நான் சாகவில்லை என்று ஊருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற வீம்பு பிடித்துக்கொண்டது.

வாய்ப்பு உடனே வந்தது. அத்தானின் ஏழு ஏக்கரிலும் பருத்தி வெடித்து நின்றது. சாயந்திரமானால் திருச்சுழிப் பக்கம் மேகம் கூடியது. வெடித்த பருத்தி நனைந்தால் நிறம் போய்விடும், அப்புறம் அதை யாரும் சீந்த மாட்டார்கள். வருஷம் பூராவும் பட்ட பாடு ஒரு மழையில் போகும். அத்தான் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு கூப்பிடப் போகணும் மாப்ள. இந்தக் காலை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"என்கிட்ட விடுங்கத்தான்" என்றேன். முந்நூறு பேரை மூன்று ஷிப்டில் வேலை வாங்கியவன். ஒன்பது பேரைக் காட்டுக்குக் கொண்டுவர முடியாதா?

அக்காவின் போனிலிருந்து எப்போதும் பருத்தி எடுக்க வருகிற பெண்களின் எண்களை வாங்கினேன். ஒரு குரூப் ஆரம்பித்தேன். காலை ஆறு மணிக்கு லோடு ஆட்டோ எந்தெந்த இடத்தில் நிற்கும், எத்தனை மணி வரை வேலை, குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கும் என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுதிப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒன்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெரலு நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் ஆட்டோக்காரரும் நின்றோம். ஏழு மணிக்கும் நின்றோம். ஒரு ஆள்கூட வரவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டுவிட்டு, எம்.ரெட்டியபட்டிக்குச் சவாரி இருக்கிறது என்று போய்விட்டார். வெடித்த பருத்தியைப் பார்த்துக்கொண்டு தனியாக வரப்பில் நின்றேன். நாள் முழுவதும் மேகம் வேறு வந்து வந்து போனது.

அக்கா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"போன்ல கூப்பிட்டா எவ வருவா? வெரலு போட்டது, பாத்துட்டோம்னு போட்டது. ஒவ்வொரு வாசல்லயும் போய் நின்னு, நாளைக்கு வாங்கம்மான்னு வாயால கூப்பிடணும். அவுகளுக்கும் ஒரு மருவாதை இருக்குல்ல."

"நீயும் வாயேன்."

"ரெண்டு பேரா போனா பத்திரிகை வைக்க வந்துருக்காகன்னு நெனைப்பாக. நீயே போ."

வெயில் தாழ்ந்ததும் போனேன். முதல் வாசலில் ஒரு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் கூட்டத்துக்குப் பெரிய ஆள் என்று அக்கா சொல்லியிருந்தாள். என் வயதுதான் இருக்கும். "வாங்கய்யா" என்று எழுந்தார். நான் நலம் விசாரித்தேன். கட்டியிருந்த ஆடு எத்தனை மாசக் குட்டி என்று கேட்டேன். வெயில் அதிகம் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? ஒரு ஆளின் முகத்துக்கு நேராக நின்று எனக்கு நீங்கள் வேண்டும் என்று சொல்லி எத்தனை வருஷமாகிறது என்று யோசித்தேன். நினைவுக்கே வரவில்லை. என் அறைக்கு ஆட்கள் வருவார்கள், நான் சொல்வேன், போவார்கள். அதுதான் பழக்கம்.

"சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

தெருமுனைக்குப் போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏய்யா, கூப்பிட வந்தவுக கூப்பிடாமப் போறீக?"

தெருவே எட்டிப் பார்த்தது. நான் திரும்பி வந்தேன். "நாளைக்குப் பருத்தி எடுக்க வாங்கம்மா" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

"நாளைக்கு நூறு நாள் வேல இருக்கு. நாளான்னைக்கு வாரேன். இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? ஆட்டுக்குட்டிக்கு வயசு கேக்குறீக."

அப்புறம் மற்ற எட்டு வாசல்களுக்கும் போனேன். ஒருத்தி முடியாது என்றாள், காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி வாரேன் என்றாள். இன்னொருத்தி, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டாள். எல்லாமே அங்கேயே, அப்போதே, வாசலிலேயே முடிந்தது. ஐந்து மாதமாக நான் போட்ட விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இன்னும் பதிலே வரவில்லை.

மறுநாளைக்கு மறுநாளிலிருந்து ஆறு நாள் பருத்தி எடுப்பு நடந்தது. அந்த ஆறு நாளும் இப்போது நினைத்தால் ஒரே நீண்ட காலையாகத்தான் தெரிகிறது. பனி ஈரம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நன்றாக விடிந்திருக்காது. செடி தெரியாது, வெடித்த வெள்ளை மட்டும் இடுப்பு உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அந்த வெள்ளைக்குள் ஒன்பது பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவார்கள். பழைய சேலைத் துணியை முன்னால் மடியாகக் கட்டியிருப்பார்கள். போகப் போக மடி பருத்து, எல்லோரும் நிறைமாதக்காரிகளாக நடப்பார்கள்.

நானும் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேற்பார்வை என்று வரப்பில் நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவர்கள் இரண்டு கையாலும் இரண்டு காயில் எடுத்தார்கள். நான் ஒரு காயை இரண்டு கையால் எடுத்தேன். காய்ந்த ஓட்டின் நுனி நகக்கண்ணில் குத்தும். என் வரிசையை அவர்கள் திரும்பி வரும்போது போகிறபோக்கில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "மெட்ராஸ்காரவுகளுக்கு ஒரு கை குடுங்கடி, கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள முடிக்கட்டும்" என்று அந்த அம்மா சொல்ல, வரிசை வரிசையாகச் சிரிப்புப் போனது.

பத்து மணிக்கு மேல் பேச்சும் அடங்கிவிடும். பஞ்சு பிரிகிற மெல்லிய சத்தம் மட்டும். சில நேரம் நான் எங்கே நிற்கிறேன் என்றே மறந்துபோகும். கை எடுத்துக்கொண்டே இருக்கும். எதிரே வெள்ளை, பின்னால் பச்சை. நடுவில் என் பெயரோ, நான் வகித்த பதவியோ, அனுப்பிய கடிதமோ எதுவும் இல்லை. மத்தியானத் தூக்கத்தில் வந்த லாரிகள் அந்த ஆறு நாளும் வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு வேலை முடியும். மடியைக் கொட்டிவிட்டு, முகம் கழுவி, ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் அந்த அம்மா என்னிடம் வருவார். ஆறு நாளும் வந்தார்.

"நாளைக்கு வேல இருக்காய்யா?"

முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. தயக்கம் இல்லை. மணி என்ன என்று கேட்பதைப்போல் கேட்டார். "இருக்கு, வாங்க" என்றேன். தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பத்து மணியிலிருந்தே அந்தக் கேள்விக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கும்போது அவர் முகத்தையே பார்ப்பேன். எங்கேயாவது ஒரு மூலையில் வெட்கம் தெரிகிறதா என்று தேடுவேன். தெரியவில்லை.

ஆறாம் நாள் பருத்தி முடிந்தது. மழை காரியாபட்டிப் பக்கம் பெய்துவிட்டு எங்களை விட்டுவிட்டது. அக்கா வந்து கடைசி மூட்டையைத் தைத்துவிட்டு, அத்தானுக்குச் சொல்வதற்காக வேகமாக வீட்டுக்குப் போனாள். அந்த அம்மா வந்து நின்றார்.

"நாளைக்கு வேல இருக்காய்யா?"

காடு காலியாகக் கிடப்பது இரண்டு பேருக்கும் தெரிகிறது. அக்கா வீட்டில் களத்து வேலை ஏதாவது இருந்தாலும் இருக்கலாம் என்ற நினைப்பில்தான் கேட்டார். எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்த்துட்டு நாங்களே சொல்லி அனுப்புறோம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. எனக்கு வந்த கடிதங்களில் இருந்த வசனம். அதற்கு முன்னால், எத்தனையோ பேருக்கு, சிரித்த முகத்தோடு, நானே சொன்ன வசனம்.

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. இல்லன்னா நான் வேற ஆளக் கேக்கணும்ல."

"இல்லம்மா" என்றேன்.

"சரி. அவ்வளவுதான?"

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்தார். என் முன்னாலேயே, ஆட்டோவில் கையை ஊன்றிக்கொண்டு, யாரையோ கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு வேல இருக்கா? ஒம்பது பேரு இருக்கோம்." அந்தப் பக்கம் இல்லை என்றார்கள் போலிருக்கிறது. "சரிண்ணே" என்று வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு எண். மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் இல்லை. மூன்றாவது ஆளிடம் இருந்தது. "அப்ப சாயந்திரம் வாசலுக்கு வந்து எல்லாரையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது.

நான் வேப்பமரத்தடியில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். காடு முழுக்கப் பருத்திச் செடி மட்டும் நின்றது, வெள்ளை இல்லாமல். வெயில் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எப்போது போனை எடுத்தேன் என்றும் சரியாக நினைவில்லை.

முன்பு எனக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். நான்தான் நேர்காணல் செய்து எடுத்தேன், நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். கம்பெனி கைமாறுவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே வேறு இடத்துக்குப் பெரிய பொறுப்பில் போயிருந்தார்.

"சார்!" என்று சந்தோஷமாக எடுத்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "ஊருக்கு வந்தேன். நாலு நாள் லீவு. பருத்தி, கிருத்தின்னு ஜாலியா போகுது" என்றேன். "குடுத்து வச்சவர் சார் நீங்க. இங்க ஒரே ஓட்டம், மூச்சு விட நேரமில்ல" என்றார். பிள்ளைகளின் படிப்பைப் பேசினோம். வெயிலைப் பேசினோம். பத்து நிமிஷம் ஆனது. சந்தோஷம் சார், சந்தோஷம் என்று இரண்டு பேரும் வைத்தோம்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் கோபத்தோடேயே மறுபடியும் அதே எண்ணை அழுத்தினேன்.

"சார், சொல்லுங்க சார். ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஆமா. எனக்கு வேலை போயி ஆறு மாசமாச்சு. எனக்கு வேலை வேணும். உங்ககிட்ட இருக்கா?"

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்தது. வேலை நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு. அப்போதும் எனக்குப் புரியவில்லை.

"சார்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் வீட்லதான் இருக்கேன் சார். பொங்கல் முடிஞ்சதுமே அனுப்பிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல."

"ஓட்டம்னு சொன்னீங்களே."

"பொய் சார்."

"லீவுன்னு நான் சொன்னதும் பொய்தான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் எனக்கு அழுகையாக மாறிவிட்டது. யாரும் இல்லாத காட்டில் அதை மறைக்கவும் தோன்றவில்லை. அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"ரெண்டு மாசமா உங்க நம்பரை எடுத்து எடுத்து வச்சேன் சார்" என்றார். "நீங்க இன்னும் அங்கயேதான் இருக்கீங்கன்னு நெனச்சேன். உங்ககிட்ட கேட்டா நிச்சயம் ஏதாவது செய்வீங்கன்னு தெரியும். ஆனா வாய் வரல. நீங்க எப்படி சார் கேட்டீங்க?"

"எனக்கும் மொதல் தடவை வரல. அதான் ரெண்டாவது தடவை கூப்பிட்டேன்."

பிறகு அவர், வேலை கேட்கலாம் என்று மனசில் இன்னொருவர் இருப்பதாகவும், அந்த ஆள் ஓசூரில் ஒரு கம்பெனியில் பெரிய இடத்தில் இருப்பதாகவும், இப்போதே கூப்பிட்டுக் கேட்டுவிடப் போவதாகவும், விட்டால் மறுபடி வாய் அடைத்துவிடும் என்றும் சொன்னார். யார் என்று கேட்டேன். சொன்னார். எனக்கும் தெரிந்தவர்தான். நானும் ஆறு மாதமாக அவரைத்தான் மனசில் வைத்திருந்தேன்.

அதைச் சொன்னதும் பதறிப்போனார். "அப்ப நீங்க கேளுங்க சார். நான் வேற பாத்துக்குறேன்."

"இல்ல, நீங்களே கூப்பிடுங்க" என்றேன். "ரெண்டு பேரு இருக்கோம்னு சொல்லுங்க."